அமலாவின் வேனில் சூடு தணிந்த கதை

குன்றத்தூரிலிருந்து வல்லக்கோட்டை வழியாக ஒரகடத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற கம்பெனி வேன்களில் பெண் ஓட்டுகிற வேன் ஒன்றே ஒன்றுதான். ஓட்டுகிறவள் அமலா. ஆட்டோவில் தொடங்கி, பள்ளிக்கூட வேனுக்கு மாறி, அங்கிருந்து எல்லப்பனிடம் வந்து சேர்ந்தவள். எல்லப்பன் உள்ளூர்க்காரர். நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வேன்களை வாங்கிக் கம்பெனிகளுக்கு விட்டுக்கொண்டிருந்தார். பெண் டிரைவர்தான் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டதால் அரை மனசோடு அவளைச் சேர்த்தார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள், மற்ற டிரைவர்களைத் திட்டும்போதெல்லாம் "அமலாவைப் பாத்துக் கத்துக்குங்கடா" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

அமலாவிடம் குறை இல்லை. அவளுக்குக் கொடுத்த வேனில்தான் இருந்தது.

அந்த மாதிரி வேனில் இஞ்சின் முன்னால், டிரைவருக்கு இடது பக்கம், ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு மூடி. அதைப் பானெட் என்பார்கள். வெயில் ஏற ஏற அந்த மூடி தோசைக்கல் மாதிரி காயும். கிளட்ச் மிதிக்கிற இடது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துகொண்டே இருக்கும். அமலா ஈரச்சாக்கை மடித்து மூடிமேல் போடுவாள். ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் அது மொறுமொறுவென்று காய்ந்துவிடும். காலில் பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள் விழுந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போடும்போது புடவையை இழுத்து விட்டுக்கொள்வாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பங்குனி பிறந்ததும் புதுத் தொல்லை ஒன்று சேர்ந்தது. ஓடுகிற வரைக்கும் வண்டி நன்றாக ஓடும். கம்பெனி வாசலில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் சுற்றாது. எல்லப்பன் செல்ஃபைக் கழற்றி வேலை பார்த்தார். அப்புறம் புதுசே வாங்கிப் போட்டார். பேட்டரியையும் மாற்றினார். காலையில் குளிர்ந்த வண்டியில் தொட்டால் பற்றிக்கொள்ளும்; சூடான வண்டியில் மறுபடியும் 'டக்'.

ஒருநாள் மதிய ஷிஃப்ட் விட்டுத் திரும்பும்போது, வல்லக்கோட்டைக் கோயில் கிருத்திகைக் கூட்டத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. போலீஸ்காரர் இஞ்சினை அணைக்கச் சொன்னார். காவடிகள் போய் முடிந்து, மற்ற வண்டிகள் நகர்ந்தன. அமலாவின் வேன் நகரவில்லை. பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரனை விடாமல் அடித்தது.

"எறங்குங்கடி, தள்ளலாம்" என்று சசிகலா குரல் கொடுத்தாள். வேனில் வருகிறவர்களில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான் அதிகம். யூனிபார்ம் போட்ட பெண்கள் அத்தனை பேரும் இறங்கி, துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு, உச்சி வெயிலில் வேனைத் தள்ளினார்கள். காவடிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரோ "அரோகரா" என்று கூவினார்கள். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அமலாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கிற இத்தனை பேருக்கும் தான்தானே பொறுப்பு என்று முகம் சிவந்துபோய் ஓட்டினாள்.

அப்போதுதான் மதிவதனி முன்னால் வந்து உட்கார்ந்தாள். பானெட்டுக்குப் பக்கத்து சீட்டில் சூடு தாங்காமல் யாரும் உட்கார மாட்டார்கள். மதிவதனி வல்லக்கோட்டைப் பக்கத்துப் பெண். கார் சைலன்சர் குழாய்களுக்கு வெப்பத் தடுப்புத் தகடு பொருத்துகிற லைனில் வேலை. மெலிந்த உடம்பு, பேச ஆரம்பித்தால் நிறுத்தாத வாய்.

"அக்கா, செல்ஃப்ல கோளாறு இல்லக்கா" என்றாள்.

"பின்ன இன்னா? பேயா?"

"சூடுதான். வண்டி ஓடும்போது காத்து அடிக்குது, செல்ஃப் தப்பிச்சிக்குது. நிறுத்தினா காத்து நின்னுடுது இல்ல? சைலன்சர் பைப்பு அது பக்கத்துலதான் போவுது. அந்தச் சூடு முழுக்க மேல ஏறி செல்ஃபைப் புடிச்சி வேக வெச்சிடுது. ஆற உட்டா அதுவே எடுக்கும். எடுக்குதா இல்லியா?"

அமலா யோசித்துப் பார்த்தாள். எடுக்கத்தான் செய்தது. எத்தனையோ தடவை டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியிருக்கிறது. இத்தனை நாளும் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாள்.

"உங்க காலை வேக வெக்கிறதும் அதே பைப்புதான்க்கா" என்றாள் மதிவதனி. "வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு வீக் ஆஃப். நான் சுத்தி உடறேன்."

சுற்றுவது என்றால் நாடா. கண்ணாடி இழையில் நெய்த, சூட்டுக்கு அஞ்சாத நாடா. அதைக் குழாய்மேல் இறுக்கிச் சுற்றிவிட்டால் சூடு குழாய்க்குள்ளேயே அடைந்து, பின்பக்கமாகப் போய்விடும். "கம்பெனில இருந்து கொண்டாந்துடுவியா?" என்று அமலா கேட்டதற்கு மதிவதனிக்குக் கோபம் வந்தது. "கழிச்சுப் போட்ட துண்டுகூட கம்பெனி கேட்டத் தாண்டாதுக்கா. நான் மெட்ராஸ் போய் ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல வாங்கினு வர்றேன்" என்றாள். எல்லப்பனிடம் அமலாதான் பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள். "புது செல்ஃபு போட்டாச்சு, பேட்டரி போட்டாச்சு, இதையும்தான் பாத்துடலாமே" என்று அவர் தலையாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமலா சர்ச்சிலிருந்து நேராக வேன் நிற்கிற இடத்துக்குப் போனாள். மதிவதனி ஏற்கெனவே வந்திருந்தாள். முழுக்கைச் சட்டை, கையுறை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. நாடாவைப் பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். ஊறினால் நன்றாக இழுபடும், காய்ந்ததும் இறுகிவிடும், இழைத்தூளும் பறக்காது என்றாள். பிறகு தரையில் கோணியை விரித்து வேனுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

அமலா பானெட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, ஒரு சுருக்கமும் விழாமல், நாடா குழாயின் வளைவோடு வளைந்து போனது. காயத்துக்குக் கட்டுப் போடுகிற நர்சின் கை மாதிரி இருந்தது அந்தக் கை. ஒரு இடத்தில் சுற்று கோணலாகப் போய்விட்டது. மேலே இருந்து பார்த்த அமலாவுக்கே அது தெரியவில்லை. மதிவதனி 'ச்சே' என்று சொல்லிக்கொண்டு, சுற்றியதில் பாதியை அவிழ்த்துத் திரும்பவும் சுற்றினாள்.

"யாருடி பாக்கப் போறாங்க?" என்றாள் அமலா.

"சூடு பாக்கும்க்கா" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

முதல்நாள் நாடா புகைந்தது. புகையும், பயப்பட வேண்டாம் என்று மதிவதனி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதற்கு அடுத்த நாள் புகை இல்லை. ஒரகடம் மேம்பாலம் ஏறும்போதுதான் அமலா கவனித்தாள்: ஈரச்சாக்கு இன்னும் ஈரமாகவே இருந்தது. கம்பெனி வாசலில் வண்டியை அணைத்து, ஒரு டீ குடிக்கிற நேரம் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது. அவள் அணைத்துவிட்டு இன்னொரு தடவை திருப்பினாள். அப்போதும் கிளம்பியது. வாட்ச்மேன் என்ன ஏது என்று எட்டிப் பார்க்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மதிவதனி கைவேலைக்காரி என்ற பெயரோடு போயிருப்பாள்.

சித்திரை பாதியில், ஒருநாள் காலை, வல்லக்கோட்டையைத் தாண்டி வயல்கள் முடிகிற இடத்தில் அமலாவுக்கு ஒரு நாற்றம் அடித்தது. முதல்நாள் வந்த புது நாடாவின் வாசனை அல்ல அது. கருகுகிற எண்ணெய். பானெட் மூடியின் ஓரத்தில் நூல் மாதிரி கரும்புகை எழும்பியது. அமலா வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, பின்பக்கக் கதவைத் திறக்கச் சொன்னாள்.

"எல்லாரும் எறங்குங்க. பைய அப்புறம் எடுத்துக்கலாம். அந்த வேப்பமரத்தாண்ட போய் நில்லுங்க."

குரலில் பதற்றம் இல்லாததால் யாரும் முண்டியடிக்கவில்லை. கடைசிப் பெண் இறங்கிய பிறகு அமலா சீட்டுக்கு அடியிலிருந்து தீயணைப்பு சிலிண்டரை உருவினாள். மூடியைக் கொஞ்சமாகத் தூக்கினாள். உள்ளே, மதிவதனி அத்தனை அழகாகச் சுற்றிய நாடாவின் மேல்முனையில், விளக்குத் திரியில் எரிகிற மாதிரி ஒரு சின்னச் சுவாலை. சிலிண்டரை அழுத்தினாள். வெள்ளைத்தூள் பொங்கி அவள் முகத்திலும் தலையிலும் அப்பியது. தீ அணைந்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மரத்தடியில் நின்ற மதிவதனிக்குத்தான் முகத்தில் ரத்தமே இல்லை.

எல்லப்பன் பைக்கில் வந்து இறங்கினார். கூடவே வேறு வேன்காரர்கள் இரண்டு மூன்று பேர். "லைன்ல ஸ்க்ரூ முடுக்கற பொண்ணு கைல வண்டியக் குடுத்தா இப்டிதான்" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். சசிகலா அவரை முறைத்தாள்.

மதிவதனி மரத்தடியிலிருந்து வேனுக்கு வந்தாள். வண்டி ஆறும்வரை காத்திருந்து, டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே குனிந்தாள். விரலால் எதையோ தடவி மோந்து பார்த்தாள். நிமிர்ந்து எல்லப்பனுக்கு நேரே வந்து நின்றாள்.

"தப்பு என்னுதுதான் சார். இஞ்சின் மேல்மூடி இருக்குல்ல, டேப்பெட் கவர், அதோட பேக்கிங்ல எண்ணெ கசியுது. ரொம்ப நாளாவே சொட்டுச் சொட்டா ஒழுவிகினு கீது. வெறும் பைப்புமேல உழுந்தப்போ அப்பப்போ எரிஞ்சி போயிடுச்சு. நான் நாடா சுத்தினதும் அது எண்ணெயக் குடிச்சி வெச்சிக்கிச்சு. சுத்தறதுக்கு முன்னாடி மேல எங்கனா ஒழுவுதான்னு பாத்துருக்கணும். பாக்கல. லைன்ல எங்களுக்குப் புது பைப்பு வரும், சுத்தமா வரும். பழைய வண்டின்ற நெனப்பே எனக்கு வரல."

மதிவதனி ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. பழியைப் பேக்கிங்கின் மேலேயோ, நாடா விற்ற கடையின் மேலேயோ போட்டிருந்தால் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. அமலா எத்தனையோ மெக்கானிக்குகளைப் பார்த்தவள். "மேடம், நீங்க ஓட்டுன விதம் அப்டி" என்று சொல்லாத ஒருத்தரை அன்றுதான் பார்த்தாள்.

எல்லப்பன் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரிம்மா. எல்லாத்தையும் பிச்சி எறிஞ்சிடலாம். பழையபடியே ஓடட்டும்."

"பழையபடின்னா இன்னாண்ணா?" என்றாள் அமலா. தலையெல்லாம் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தாள். "காலு வேவணும், நட்ட நடு ரோட்டுல இவங்க எறங்கித் தள்ளணும், அதான? எங்க தப்பாச்சுன்னு இவளுக்குத் தெரியுது. இவளே திரும்பச் செய்யட்டும்."

"மறுபடியும் இவளா? நீயா சொல்ற?"

"நான்தான ஓட்டறேன். நெருப்பு பக்கத்துல உக்காந்துகினு இருந்ததும் நான்தான். நான் சொல்றேன்."

எல்லப்பன் அவளையும் மதிவதனியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, முதலில் பேக்கிங் மாற்றிவிட்டு அப்புறம் பேசுவோம் என்றார். அவர் பாஷையில் அது சம்மதம்.

இந்தத் தடவை வேலை ஒரகடம் கூட்டுரோட்டில் இசக்கிபாண்டியின் டிங்கர் பட்டறையில் நடந்தது. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நசுங்கின கதவைத் தட்டி நிமிர்த்தினால் நசுங்கின இடமே தெரியாது. மதிவதனி டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, இஞ்சினுக்குள் வைத்துப் பார்த்து, திரும்பத் திரும்பக் கத்தரித்து, தகட்டுக்கு அச்சு எடுத்துக் கொடுத்தாள். இந்த முறை மேல்பாகத்தில் நாடா இல்லை. அங்கே அலுமினியத் தகடு, குழாயைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நிற்கவேண்டும்.

"ஒட்டி வச்சா நல்லா உறுதியா நிக்கும்லா தாயி?" என்று கேட்டார் இசக்கிபாண்டி.

"ஒட்டினா தகடே அடுப்பாயிடும்ணா. நடுவுல காத்து ஓடணும். அந்தக் காத்துதான் வேல செய்யுது, தகடு சும்மா காவலுக்கு."

அவர் அதை மனசில் வாங்கிக்கொண்டு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பம் ஒண்ணு செய்வோம். ஓரத்தை இப்பிடி மடிச்சு விட்டுருதேன், இல்லன்னா அதிர்ச்சில கிழிஞ்சிரும். போல்ட்டு ஓட்டையையும் கொஞ்சம் நீளமாப் போடுதேன். சூட்டுல தகடு வளரும்லா, அதுக்கு நகர எடம் வேணும், கேட்டியா?"

மதிவதனி கண்ணை அகல விரித்தாள். "எங்க தகட்டுல ஓட்டை நீளமாத்தான் இருக்கும். ஏன்னு இதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்லண்ணா."

"யோசிக்கவிடாம லைனு ஓடிக்கிட்டே இருக்கும். இங்கன அந்தக் கஷ்டம் இல்ல" என்று சிரித்தார் அவர்.

நாடாவை எண்ணெய் விழ வழியில்லாத கீழ்ப்பாகத்தில், டிரைவர் காலுக்கு அடியில் போகிற குழாயில் மட்டும் சுற்றினாள். சுற்றுவதற்கு முன், எங்கேயாவது துரு தின்றிருக்கிறதா என்று குழாயைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். இசக்கிபாண்டி துருவைச் சுரண்டிச் சூடு தாங்கும் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். நாடாவில் மழைத்தண்ணீர் தங்கினால் உள்ளே குழாய் அரித்துவிடும். செல்ஃபுக்கும் குழாய்க்கும் நடுவே இன்னொரு சின்னத் தகடு நின்றது.

எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். பரவாயில்லை, ஆனால் மூடி இன்னும் காய்ந்தது. மதிவதனி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அமலாதான் சொன்னாள். "இந்த வண்டி எனக்கு வந்த புதுசுல இவ்ளோ சூடு இல்ல மதி. ஒரு மழைல உள்ள தண்ணி வருதுன்னு, நான் லீவுல இருந்தப்போ ஓட்டின டிரைவர் அடியில என்னமோ வெச்சி அடைச்சாரு. அதுக்கப்புறம்தான்."

மதிவதனி எழுந்த வேகத்தில் துண்டு அவிழ்ந்தது. வேனுக்கு அடியில் புகுந்தாள். இஞ்சின் பெட்டியின் பின்பக்கம், சூடான காற்று வெளியேறுவதற்காக வண்டியைச் செய்த கம்பெனிக்காரனே விட்டிருந்த துவாரங்களைத் தகரம் வைத்து ரிவெட் அடித்து மூடியிருந்தது. இஞ்சின் விடுகிற மூச்சு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுழன்றுகொண்டிருந்திருக்கிறது. இசக்கிபாண்டி தகரத்தைப் பெயர்த்தெடுத்து, தண்ணீர் புகாமல் காற்று மட்டும் போகும்படி ஜன்னல் மழைத்தடுப்பு மாதிரி சாய்வாக ஒரு மூடி வைத்தார்.

"அக்கா, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா!" என்று அடியிலிருந்தே கத்தினாள் மதிவதனி. கத்தினாலும் குரலில் குதூகலம். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கத்திரி வெயில் வந்தது. ஒருநாள் மதியம், ஒரகடம் சந்திப்பில் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து, எந்தப் பக்கமும் வண்டி நகரவில்லை. தார் உருகி டயரில் ஒட்டியது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் இஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. அமலாவும் அணைத்தாள். வேனுக்குள் பெண்கள் பாடத்தொடங்கி, அலுத்து, தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றி, பாதிப்பேர் தூங்கிப்போனார்கள். கடைசியில் போலீஸ்காரர் விசில் ஊதினார். பக்கத்தில் ஒரு வேன்காரர் சாவியைத் திருப்பினார். முனகிவிட்டு நின்றது அவர் வண்டி. அமலா முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது.

வேனில் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. சசிகலா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மதிவதனியோ பின்சீட்டுக்காரியோடு வடகத்துக்கு எந்த அரிசி நல்லது என்று மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தன் வேலை இப்போது பரீட்சைக்கு நின்று பாஸாகிவிட்டது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அமலா அவளைக் கண்ணாடியில் பார்த்தாள். தெரிந்த வேலையைச் செய்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். எரிந்துபோன வேலைக்கு முன்னால் நின்று, என் தப்பு என்று சொல்லி, மறுபடியும் அதே கோணியை விரித்து அடியில் புகுந்தவளைப் பார்த்ததில்லை. ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

வல்லக்கோட்டை நிறுத்தத்தில் மதிவதனி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அங்கிருந்து அவள் வீட்டுக்கு ஏரிக்கரை வழியாக நடக்கவேண்டும். கம்பெனி வண்டி ஊருக்குள் திரும்புவது வழக்கமில்லை.

"உக்காரு" என்றாள் அமலா.

"இன்னாக்கா?"

"வெயிலு. வூட்டாண்ட உடறேன்."

பின்னால் யாரும் முணுமுணுக்கவில்லை. அமலா இண்டிகேட்டரைப் போட்டு, வேனை ஏரிக்கரைப் பாதையில் திருப்பினாள். கருவேல முள் இரண்டு பக்கமும் கீறியது. ஆடுகள் ஒதுங்கின. மதிவதனியின் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றதும், அவள் அம்மா கையில் அரிசிமுறத்தோடு ஓடி வந்தாள்.

"இன்னாடி ஆச்சு? கம்பெனி வண்டி ஏன் வூடு வரைக்கும் வந்துகீது? உடம்பு சரியில்லியா?"

"ஒண்ணும் ஆவலம்மா" என்றாள் அமலா, ஸ்டீயரிங்கின் மேல் கையை வைத்தபடி. "உங்க பொண்ணக் கொண்டாந்து உட்டுட்டுப் போலாம்னுதான்."